முத்துக் கரையில் விடுதி எழுமுன் ஊராரைக் கேட்க வேண்டும்

தூத்துக்குடி முதல் மணப்பாடு வரையுள்ள முத்துக் கரையில் சொகுசு விடுதி ஒன்று புதிதாகக் கட்டப்படுவதாயினும், முன்னரே உள்ள விடுதி விரிவாக்கப்படுவதாயினும், அனுமதி உத்தரவு பிறப்பதற்கு முன்பே ஊரார் கூடிய சபையில் திட்டத்தின் விவரம் முழுவதும் தமிழில் வாசிக்கப்பட்டு, அவர்களுடைய அபிப்பிராயம் எழுத்து மூலம் பெறப்பட வேண்டும் என்பதே எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு. சுற்றுலாவுக்கு நாங்கள் விரோதிகள் அல்லர். கேளாமல் செய்யப்படும் காரியத்துக்கே விரோதிகள்.

சட்டம் இவ்விஷயத்தில் ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. ஆலைக்கும் சுரங்கத்துக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்பை விதிக்கும் 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கட்டடத் திட்டங்களை அந்தக் கடமையினின்றும் விலக்கியிருப்பதால், கரையோர விடுதி எத்தனை பெரிதாயினும் ஊராரின் முகத்தைப் பாராமலே அது எழுந்துவிடக் கூடும்.

எழுந்தால் நேர்வது என்ன? கரை மணலில் இரண்டு முழம் தோண்டினால் ஊறும் நன்னீர், கீழே நிற்கும் உப்பு நீரின்மேல் மெல்லிய ஏடுபோல் மிதப்பது; ஆழ்குழாய் அதை இடைவிடாமல் உறிஞ்சுமானால், அடியிலுள்ள உவர் மேலேறி, முதலில் கரிப்பது குடத்தோடு ஊற்றுக்கு வரும் பெண்ணின் நாக்கில்தான். வள்ளத்தை ஏற்றி வைக்கவும், வலையை விரித்துப் பழுது பார்க்கவும், கருவாடு காயப் போடவும் உதவும் மணற்பரப்பு, வெளியூரார் கண்ணுக்கு வெறும் வெளியாகத் தோன்றினும், பரதவர்க்கு அதுவே தொழிற்சாலை.

மேலும், இக்கரை நிலையானதன்று. கி.மு. 785 என்று கரிமக் கணிப்பு காட்டும் தொன்மையுடையதும், முத்துக்குளிப்புக்குப் பேர்போனதாக யவன மாலுமியின் பெரிப்ளூஸ் நூல் குறிப்பதுமான கொற்கைத் துறைமுகம், தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் கடலை இழந்து இன்று உள்நாட்டுக் கிராமமாய் நிற்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் கடலுள் மூழ்கிவிட்டன. முத்துச் சலாபமும் 1961-க்குப் பின் கூடவில்லை. ஓரிடத்தில் வளர்ந்து ஓரிடத்தில் தேயும் கரையின் சுபாவத்தை, அதன்மேல் தினம் நடப்பவரே அறிவர்.

பின்னர் கேட்பதனால் பிரயோஜனமில்லை என்பதற்குக் கேரளமே சாட்சி. வேம்பநாட்டுக் காயலின் நெடியதுருத்தில் எழுந்த கேப்பிகோ விடுதியை எதிர்த்து, ஊன்றுவலை இழந்த மீனவர் வழக்காடி, 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடிப்பை உறுதிசெய்த பிறகும், 54 மாளிகைகளையும் இடிக்கும் வேலை தொடங்க 2022 வரை காத்திருக்க நேர்ந்தது. முதலீடும் வீண், மீனவரின் ஆண்டுகளும் வீண்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் மூன்று: விடுதித் திட்டங்களுக்கும் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயமாதல் வேண்டும், நிலத்தடி நீரின் கணக்கும் கழிவு நீர் செல்லும் வழியும் கூட்டத்துக்கு 30 நாள் முன்னதாக ஊராட்சி அலுவலகத்தில் வைக்கப்படுதல் வேண்டும், கடலுக்குச் செல்லும் பாதையும் வள்ளம் ஏற்றும் மணலும் வரைபடத்தில் குறிக்கப்பட்டு, எக்காரணத்தாலும் அடைக்கப்படாதிருத்தல் வேண்டும்.

அரசினரையும் விடுதியாரையும் விநயமாக வேண்டுகிறோம்: அஸ்திவாரக் குழி தோண்டுமுன் எங்கள் ஊருக்கு வாருங்கள், கேளுங்கள், பிறகு தீர்மானியுங்கள்.