களப்பு வள்ளங்களுக்கு அழுத்தி வலுவூட்டிய மரம்: பரீட்சித்துப் பார்க்கக் கோரும் மனு

பெறுநர்:
உதவிப் பணிப்பாளர், கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களம், யாழ்ப்பாணம்
பீடாதிபதி, பொறியியல் பீடம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், கிளிநொச்சி
பிரதி: பிரதேச செயலாளர், தென்மராட்சி, தலைவர், பனை அபிவிருத்திச் சபை

அனுப்புநர்:
கச்சாய்க் கரையில் தொழில் செய்வோரும் கொடிகாமம் தச்சுத் தொழிலாளரும் சேர்ந்த சங்கத்தினர், கொடிகாமம்



கச்சாய்த் துறையிலிருந்து கிளாலிப் பக்கம் வரை நாம் தொழில் செய்யும் களப்பு ஆழமற்றது. தண்ணீர் வற்றிய நாட்களில் வள்ளத்தை ஓட்டுவதைவிடச் சேற்றில் இறங்கி இழுப்பதுதான் அதிகம். இன்று வாங்கக் கிடைப்பதோ கடலுக்கென்று வார்த்த பைபர் படகு. நோர்வேயின் உதவியோடு காரைநகரில் எழுந்த சீநோர் படகுத் தொழிற்சாலை பைபர் படகு கட்டும் தொழிலை இங்கு வேரூன்றச் செய்தது. அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் களப்புக்கு அந்தப் படகு பாரம். இயந்திரம் இல்லாமல் அதைக் கொண்டு அலைய முடியாது. 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறியபோது, மரக்கோல் ஊன்றி ஓட்டக்கூடிய இலேசான வள்ளத்தின் அருமை எல்லோருக்கும் விளங்கியது. அப்படியொரு வள்ளம் செய்ய நல்ல மரம்தான் இல்லை.

இந்நிலையில்தான் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் லியாங்பிங் ஹூ, டெங் லீ ஆகியோரின் குழு 2018இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட முறை எமது கவனத்துக்கு வந்தது. மரத்தைக் கோஸ்ரிக் சோடாவும் சோடியம் சல்பைற்றும் கலந்த நீரில் அவித்து, நார்களைப் பிணைக்கும் லிக்னினில் ஒரு பகுதியை நீக்கி, பிறகு சூட்டோடு அழுத்துகிறார்கள். பலகையின் தடிப்பு 5இல் ஒரு பங்காகிறது. இழுவிசை தாங்கும் வலு 10 மடங்குக்கு மேல் கூடுகிறது. 2021இல் அதே பல்கலைக்கழகத்தார் பலகையை ஈரப்படுத்தி மடித்து வளைக்கும் இன்னொரு முறையையும் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டனர். வள்ளத்தின் வளைவுகளுக்கு அதுவே எமக்கு அதிக ஆசை காட்டுகிறது.

ஆசைக்கு மேல் கணக்கும் பார்த்தோம். அழுத்திய மரம் கன அளவுக்குக் கன அளவு முன்னிருந்ததைவிட 3 மடங்கு பாரமானது. ஆகவே அதே தடிப்பில் செய்தால் வள்ளம் இலேசாகாது. ஓர் அங்குலப் பலகை 5 மில்லிமீற்றராகும்போதுதான் எடை ஏறத்தாழ 5இல் 3 பங்காகிறது. அவ்வளவு மெல்லிய பலகை நெளியும். உள்ளிருந்து தாங்கும் வங்குகளை நெருக்கமாக வைக்க வேண்டும். அவற்றின் பாரத்தையும் சேர்த்துத்தான் இலாபத்தை எண்ணலாம். இன்னொன்று முக்கியம்: இது தண்ணீரில் மிதக்காத மரம். வேம்பிலோ பூவரசிலோ செய்த வள்ளம் தண்ணீர் நிறைந்தாலும் அடியில் போகாது. இது போகும். முன்னும் பின்னும் அடைத்த காற்றறைகள் இல்லாமல் இதில் ஆளை ஏற்றக்கூடாது.

நீர் பட்டால் பலகை ஊதும். பூச்சுப் பூசினால் ஊதாது என்கிறார்கள் மேரிலாந்துக் குழுவினர். ஆனால் அந்தச் சோதனை ஈரக் காற்றில் நடந்தது. உவர்நீரில், ஆணி துளைத்த இடத்தில், சிப்பி கீறிய அடிப்பாகத்தில் அந்தப் பூச்சு எத்தனை மாரி தாங்கும் என்பதை இங்கேதான் பார்க்க வேண்டும். அவர்கள் எடுத்ததும் ஓக், பைன், சீடர் போன்ற குளிர்நாட்டு மரங்கள். இம்முறையை வணிகமாக்க அமைத்த இன்வென்ட்வூட் நிறுவனமும் முதலில் குறிவைப்பது கட்டிடங்களின் வெளிச்சுவரைத்தான், வள்ளத்தை அல்ல. எனவே வெளிநாட்டுப் பலகையை மானியத்தில் இறக்கித் தாருங்கள் என்று நாம் கேட்கவில்லை. பரிசோதனை முடியும் முன் யாராவது அப்படிக் கொண்டுவந்தால் அதைத் தடுக்குமாறே கேட்கிறோம்.

எமது முதற்கோரிக்கை, பொறியியல் பீடம் எமது மரங்களில் இம்முறையைச் செய்து பார்க்க வேண்டும் என்பது. காய்ப்பு விட்ட மாமரங்கள் கொடிகாமத்தில் விறகாகப் போகின்றன. வேலி முள்முருக்கும் இலவும் மென்மரம். அழுத்துவதற்கு ஏற்றவை என்று தச்சர்கள் கருதுகிறார்கள். பனை வேறு சாதி: வெளியே வைரம், உள்ளே சோறு. அதையும் பார்க்கலாம், ஆனால் காற்றில் விழுந்த மரத்தில் மட்டும். பலாவையும் பெண்பனையையும் அனுமதியின்றி வெட்டக்கூடாது என்ற சட்டம் இந்த முயற்சியின் பெயரால் தளரக்கூடாது. அழுத்திய துண்டுகளைக் கச்சாய்த் துறையில் ஒரு முழு வருடம் ஊறப்போட்டுப் பார்க்க இடமும் காவலும் நாம் தருவோம்.

அவித்த கழிவுநீரைப் பற்றி எமக்குப் பயம் உண்டு. சுண்ணக்கல்லுக்குள்தான் எமது குடிநீர். சுன்னாகப் பக்கக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததை யாரும் மறக்கவில்லை. கழிவை மீட்டுச் சுத்திகரிக்கும் ஏற்பாடு இல்லாமல் தென்மராட்சியில் ஒரு கொப்பரைகூட வைக்க வேண்டாம். இரசாயனத்தில் அவிக்கும் இந்த வேலை நாட்டுக்குப் புதியதும் அல்ல. பரந்தனில் கோஸ்ரிக் சோடா உற்பத்தியானது. வாழைச்சேனையில் வைக்கோலை அவித்துக் காகிதம் செய்தார்கள். அந்த ஆலைகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்களைத் தேடி ஆலோசனை கேளுங்கள்.

பரிசோதனை தேறினால் எமது தச்சர் கையால் இரண்டு வள்ளங்கள் கட்ட வேண்டும். நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனமான நாரா அவற்றைச் சோதித்த பின், திணைக்களம் முறைப்படி பதிவுசெய்து தர வேண்டும். பதிவில்லாத வள்ளத்துக்கு விபத்து நேர்ந்தால் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும்.

இதற்கெல்லாம் வருடங்கள் ஆகும் என்பது தெரியும். அதுவரை காத்திருக்க எம்மால் முடியாது. கடற்பாவனைக்கான ஒட்டுப்பலகையை எப்பொக்சிப் பசையால் பொருத்திச் செய்யும் சிறு வள்ளம் உலகெங்கும் ஓடுகிறது. அதைக் கட்ட எமது தச்சருக்குப் பயிற்சியும், பலகைக்கு இலகு கடனும் இந்த வருடமே கிடைக்க ஆவன செய்யுங்கள். மாரிக்கு முன்னர் எம்மை ஒரு கலந்துரையாடலுக்கு அழைத்து, எழுத்தில் பதில் தருமாறு தயவுடன் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர், பொருளாளர்
கொடிகாமம்