பணிவிடை செய்வோருக்குத் துணை யார்?

2020 ஜூலை 6ஆம் தேதி காலை 6 மணிக்குத் திருவனந்தபுரம் மாநகர் முழுவதும் 'டிரிபிள் லாக்டவுன்' அமலுக்கு வந்தது. திவான் ராஜா கேசவதாசின் காலத்திலிருந்து இரைச்சல் ஓயாத நமது சாலைக் கடைத்தெரு அடங்கிப் போயிற்று. மூடிய கடைகளைப் பற்றியும், கூலி இழந்த சுமைத் தொழிலாளர்களைப் பற்றியும் அன்று நிறையப் பேசினோம், பேச வேண்டியதுதான். ஆனால் கடைகளுக்குப் பின்னே, ஆரியசாலை, கிள்ளிப்பாலம் பக்கத்துச் சந்துகளில், ஒற்றை அறை வாடகை வீடுகளில் இருந்த சிலரை நாம் பேச்சில் சேர்க்கவே இல்லை. பக்கவாதத்தில் விழுந்த மாமனாருக்கு, நினைவு தப்பிய தாயாருக்கு, எழுந்து நடக்க முடியாத பிள்ளைக்கு இரவும் பகலும் பணிவிடை செய்துகொண்டிருந்தவர்களையே சொல்கிறோம். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

நம்மவர் குடும்பங்களில் நோயாளியைப் பார்க்க ஒரு பழைய ஏற்பாடு உண்டு. ஊரிலிருந்து தங்கை வருவாள், பத்து நாள் இருப்பாள். அவள் போனால் நாத்தனார். அந்தப் பத்து நாளில்தான் வீட்டுக்காரி ஒரு ராத்திரி முழுதாகத் தூங்குவாள், கோயிலுக்குப் போய் வருவாள், தன் பல்வலிக்கும் மருந்து வாங்குவாள். நாகர்கோவில் இங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர்தான். காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். பட்டணத்தில் உற்றார் இல்லாத குறையை இந்த பஸ்தான் இதுநாள் வரை மறைத்து வந்தது.

2020 மார்ச்சில் பஸ் நின்றது. இரு மாநிலங்களுக்கும் இடையே அரசு பஸ்கள் மீண்டும் ஓடியது 2021 டிசம்பர் 1ஆம் தேதிதான். இடையில் இருபது மாதங்கள்! களியக்காவிளையில் காய்கறி லாரிக்கு வழி விட்டார்கள். அது தேவைதான், இல்லாவிட்டால் சாலையில் தக்காளி ஏது? இ-பாஸ் கேட்கவும் காரணங்கள் வகுத்திருந்தார்கள்: திருமணம், மரணம், அவசர சிகிச்சை. ஆறு மாதமாகத் தூங்காத அக்காவை மாற்றிவிட வேண்டும் என்று எழுத அந்த விண்ணப்பத்தில் இடம் இல்லை. யாராவது செத்தால் வரலாம். சாகாமல் பார்த்துக்கொள்பவளுக்குக் கை கொடுக்க வரலாகாது. இந்த விசித்திரம் அன்று எந்த அதிகாரியின் கண்ணிலும் படவில்லை. நமது கண்ணிலும் படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

கேரள அரசு சும்மா இருந்தது என்று கூற மாட்டோம். 2008லேயே வலிதணிப்புச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கை வகுத்த மாநிலம் இது. படுக்கையில் கிடப்போரின் வீடு தேடி நர்ஸ் வரும் ஏற்பாடு உள்ளாட்சிகள் வாயிலாக நடந்து வருகிறது. தொற்றுக் காலத்தில் தனித்திருந்தோருக்குத் தொலைபேசியில் ஆறுதல் சொல்ல 'ஒற்றைக்கல்ல, ஒப்பமுண்டு' என்ற திட்டமும் நடந்தது. பாராட்டத்தக்கதே. ஆயினும் கணக்கெடுப்பு எல்லாம் நோயாளியைச் சுற்றியே நின்றது. வீட்டுக்கு வருபவர் "அம்மாவுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்பார், "உனக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்பவர் அபூர்வம். பணிவிடை செய்வோருக்கென்றே 2010ல் 'ஆஸ்வாசகிரணம்' என்ற உதவித் திட்டம் வந்தது. தொற்றுக் காலத்தில் அதில் கிடைத்த தொகை மாதம் 600 ரூபாய். பெரியவர்களுக்கான டயாபர் செலவுக்கே அது போதாது. அதுவும் நிலுவை விழாமல் வந்தபாடில்லை.

இதில் நம் வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. ஆபீசும் கடையும் மூடிக் கிடந்த அந்த வாரங்களில், தாயாரைப் புரட்டிப் படுக்க வைப்பது எவ்வளவு கனமான வேலை என்று பலர் முதன்முறையாகக் கண்ணால் கண்டார்கள். சிலர் கை கொடுத்தார்கள். வேறு சிலர் நாலாவது காப்பிக்குக் குரல் கொடுத்தார்கள். யார் எந்த வகை என்பது அவரவர் வீட்டாருக்குத் தெரியும்.

இது முடிந்துபோன கதையன்று. 2018ல் கோழிக்கோடு, மலப்புரம் பகுதிகளில் வந்த நிபா அதன் பிறகும் கேரளத்தில் பலமுறை தலைகாட்டிவிட்டது. அதில் நோயாளியோடு பழகியவர் 21 நாள் ஒதுங்கியிருக்க வேண்டும். ஒதுங்க வேண்டியவளே வீட்டில் பணிவிடை செய்பவளாக இருந்தால், படுக்கையில் கிடப்பவருக்குக் கஞ்சி கொடுப்பது யார்? இரு மாநில அரசுகளும் இதை முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். நோயாளியைப் பார்க்க மாற்று ஆளாக வரும் உறவினருக்கு, சரக்கு லாரிக்குத் தருவது போன்ற அனுமதியை எல்லையில் தர வேண்டும். வார்டுப் பட்டியலில் நோயாளியின் பெயருக்குப் பக்கத்தில் அவரைப் பார்ப்பவரின் பெயரும் இருக்க வேண்டும்.

நமது சங்கங்களுக்கும் வேலை இருக்கிறது. பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடவும், பொன்னாடை போர்த்தவும் நம்மிடம் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் ஒரு வீட்டில் போய் நோயாளிக்கு அருகில் உட்கார ஆள் சேர்ப்பது அதைவிடச் சிரமமா? நன்கொடைச் சீட்டு அடிக்க வேண்டாம்; முறை வைத்து ஆள் அனுப்பினால் போதும்.

வாடகை வீட்டில் இருக்கிறோம், ரேஷன் கார்டு ஊரில் இருக்கிறது, நம்மை யார் கவனிப்பார்கள் என்று தயங்கி நிற்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. வீட்டில் படுக்கையில் ஒருவர் இருந்தால் வார்டின் ஆஷா பணியாளரிடம் இந்த வாரமே சொல்லி வையுங்கள். மலையாளம் சரளமாக வராவிட்டால், கடைக்குப் போய் வரும் பையனைக் கூட அழைத்துப் போகலாம்.