எண்ணிக்கைக்குள் வராதவர்கள்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுதான் எங்கள் புள்ளியியலின் அடிப்படையே. ஆகவே, அமெரிக்காவில் நீல்சன் நிறுவனம் மாதிரி வீடுகளை வைத்து நாடு முழுவதையும் கணித்ததை நான் குறை கூற மாட்டேன். 'அந்த மணியில் பெட்டி முன் இருந்தவர் யார்?' என்று கேட்ட கேள்விதான் தவறு என்பேன்.

1966இல் என்.பி.சி. தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' விண்வெளித் தொடரை எடுத்துக்கொள்வோம். ரசிகர்கள் கடிதங்களைக் குவித்து அதற்கு மூன்றாம் ஆண்டு வாங்கித் தந்தார்கள். நிலையமோ அதை வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளியது. இளைஞர்கள் வீடு தங்கும் நேரமா அது! 1969இல் 79 பகுதிகளோடு தொடர் நின்றது. பின்னர் மறு ஒளிபரப்பில்தான் அதன் புகழ் ஓங்கியது.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்தும் அதே கதை. 'தி எக்ஸ்பான்ஸ்' தொடரில் சைஃபை அலைவரிசைக்கு இருந்தது அமெரிக்காவில் முதல் ஒளிபரப்பு உரிமை மட்டுமே. பிறகு இணையத்தில் எத்தனை பேர் பார்த்தாலும் அதற்குப் பயனில்லை. 2018 மே மாதம் கைவிட்டது. ரசிகர்கள் அமேசான் படப்பிரிவு அலுவலகத்தின் மேல் விமானத்தில் பதாகையே பறக்கவிட்டார்கள். அதே மாதம் ஜெஃப் பெசோஸ் தொடரைக் காப்பாற்றுவதாக அறிவித்தார்.

மகிழ்ச்சிதான். ஆனாலும் உறுத்துகிறது. நீல்சன் எண்ணோடு சண்டையாவது போடலாம். அது அச்சில் வரும். அமேசானின் கணக்கேடு நமக்குத் திறந்ததில்லை. ஒரு செல்வந்தரின் விருப்பத்தை அளவுகோல் என்று எப்படிச் சொல்வது? மூல நாவல்கள் ஒன்பது. தொடர் 2022 ஜனவரியில் ஆறாவதோடு நின்றுவிட்டது.