கணக்கில் வராத வாயு

சூடான மணலில் வேர்க்கடலை வறுப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்த மணலுக்கு அடியிலிருந்து பலமாகக் காற்றை ஊதினால் என்ன ஆகும்? மணல் உலைக் கஞ்சியைப் போலக் குமிழியிட்டுப் புரளும். அதில் நிலக்கரியைப் போட்டு எரிப்பதற்குப் பாய்மப் படுகை எரிப்பு என்று பெயர். நெய்வேலியில் 2015-ஆம் ஆண்டு உற்பத்தி தொடங்கிய 250 மெகாவாட் அலகுகள் இரண்டும் இம்முறையின் ஒரு வகையிலேயே பழுப்பு நிலக்கரியை எரிக்கின்றன.

நிலக்கரியைப் பொடியாக்கி எரிக்கும் உலைகளில் சுடரின் வெப்பம் 1,300 டிகிரியையும் தாண்டும். இங்கோ 800 முதல் 900 டிகிரி சென்டிகிரேடுதான். ஆகையால் காற்றிலுள்ள நைட்ரஜன் அநேகமாக அப்படியே தப்பிவிடுகிறது. கரிக்குள் இருக்கும் நைட்ரஜனே ஆக்சைடாகிறது. அதிலும் ஒரு பகுதியை, எரியும் கரித்துண்டுகளே மீண்டும் நைட்ரஜனாக மாற்றிவிடுகின்றன. எஞ்சி வெளிவருவது எவ்வளவு என்று விஞ்ஞானிகள் கணிப்பொறியில் கணக்கிடுகிறார்கள். எளிய கணக்கன்று அது. கந்தகப் புகையைப் பிடிப்பதற்காகச் சேர்க்கும் சுண்ணாம்புக்கல்லே, அம்மோனியா நைட்ரிக் ஆக்சைடாக மாறுவதற்குத் துணைபோகிறதாம்! வீட்டைப் பெருக்கித் திண்ணையில் குப்பை சேர்த்த கதைதான்.

எங்கள் மனக்குறை வேறொன்று. இந்தக் குறைந்த வெப்பத்தில் நைட்ரஸ் ஆக்சைடும் பிறக்கிறது. சிரிப்பூட்டும் வாயு என்று பாடத்தில் படித்தோமே, அதுதான். வெப்பத்தைக் கூட்டினால் இது குறையும். ஆனால் நைட்ரிக் ஆக்சைடு கூடிவிடும். நூறாண்டுகளுக்கு மேல் வானில் தங்கும் இவ்வாயு, அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட நூறாண்டுக் கணக்கில் சுமார் 273 மடங்கு பூமியைச் சூடாக்குகிறது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? பழுப்பு நிலக்கரியில் இது சற்றுக் குறைவாகவே உண்டாகும் என்பது ஓர் ஆறுதல்.

ஆய்வாளர் பலர் இரண்டு வாயுக்களையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். ஆனால் 2015 டிசம்பரில் நம் நாட்டு அனல்மின் நிலையங்களுக்கு வகுத்த வரம்புகளில் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு அளவு உண்டு. நைட்ரஸ் ஆக்சைடுக்கு இல்லை. வேதியியல் தேர்வில் ஒரு விளைபொருளை எழுத மறந்தால் எங்களுக்கு மதிப்பெண் கிடையாது. பெரியவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை ஏன்?

இரண்டையும் ஒரே வரம்பில் சேர்க்க வேண்டும். கணிப்பொறி சொல்வதைப் புகைபோக்கியிலேயே அளந்து சரிபார்க்க வேண்டும். அந்த எண்களை, அக்காற்றைச் சுவாசிக்கும் ஊர்களின் பள்ளிப் பிள்ளைகளும் படித்துப் புரிந்துகொள்ளும்படி தமிழில் மாதந்தோறும் வெளியிட வேண்டும் என்று கேட்கிறோம்.