நான்கரை மணி மங்கல இசை

மார்கழி வந்தால் சபாக்களின் அழைப்பிதழ்களைச் சேர்த்து வைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. கச்சேரிகளுக்குப் போகிறோமோ இல்லையோ, அழைப்பிதழ்களை வாசித்துவிடுவோம். அவற்றில் பெரும்பாலானவற்றின் முதல் நாள் நிரல், ஒரே அச்சில் வார்த்தது போலத்தான் இருக்கும். மாலை 4.30: மங்கல இசை. அதன்கீழே நாகஸ்வரக் கலைஞர்கள் இருவர் பெயர், உள்ளூர்த் தவில்காரர் பெயர், 'சிறப்புத் தவில்' என்று வெளியூரிலிருந்து அழைக்கப்பட்ட ஒருவர் பெயர். அடுத்து 5.30: தொடக்க விழா. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, சிறப்புரை, விருது வழங்கல், வாழ்த்துரை, நன்றியுரை. இந்தப் பெயர்கள் மட்டும் சற்றுப் பெரிய எழுத்தில்.

இந்த வரிசையைப் பற்றித்தான் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு தொடக்க நாளுக்குச் சென்றிருந்தோம். சபையின் பெயர் இங்கே தேவையில்லை. எந்தச் சபையாக இருந்தாலும் கதை பெரிதாக மாறியிராது. நான்கு இருபதுக்கே போய் உட்கார்ந்தோம். அரங்கில் நம்மையும் சேர்த்து முப்பது பேர் இருந்தால் அதிகம். முன் இரண்டு வரிசைகளில் 'ஒதுக்கப்பட்டது' என்ற காகிதங்களை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பீர நாட்டையில் மல்லாரி தொடங்கிற்று. கோயில் பிராகாரத்தில் கேட்டிருந்தால் சுவாமி புறப்பட்டாயிற்று என்று கைகள் தாமே குவிந்திருக்கும். இங்கே ஒலிபெருக்கிக்காரர் குறுக்கே நடந்து, நாகஸ்வரத்தின் அணசுக்கு ஒரு சாண் தள்ளி இன்னொரு மைக்கை நட்டுவிட்டுப் போனார்.

மல்லாரி முடிந்து சிறிதாக ஒரு கிருதி. பிறகு மூத்தவர் கரகரப்ரியாவை எடுத்தார். அவசரமே இல்லை. மத்திய ஸ்தாயியில் ரிஷபத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, இளையவரிடம் கொடுத்து, திரும்ப வாங்கி, ஒவ்வொரு படியாக மேலே ஏறிக்கொண்டிருந்தார். சிறப்புத் தவில்காரர் கையைத் தவிலின் மேல் வைத்தபடி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த ராகம் முடிந்து, கீர்த்தனை முடிந்து, அதன்பின் தனி ஆவர்த்தனத்தில்தான் அவருக்கு வேலை. அதற்காகத்தான் அவரை இருநூறு கிலோமீட்டர் தாண்டி அழைத்திருந்தார்கள்.

மூத்தவர் தார ஷட்ஜத்தை எட்டியிருந்த வேளை. பக்கத் திரையோரம் சபையின் நிர்வாகி ஒருவர் தோன்றி விரலைச் சுழற்றிக் காட்டினார். சிறப்பு விருந்தினரின் கார் வந்துவிட்டதாம். ராகம் அங்கேயே நின்றது. விருந்தினர் வாயிலில் நுழைந்து முன்வரிசைக்கு நடந்து வரும்வரை தவில்கள் இரண்டும் கெட்டிமேளம் கொட்டின. சிறப்புத் தவில்காரர் அன்று வாசித்தது அது ஒன்றுதான்.

யாரும் அவரை அவமதிக்கவில்லை. பொன்னாடை போர்த்தினார்கள். "மங்கலம் பொங்க வாசித்தார்கள்" என்று வரவேற்புரையில் இரண்டு வாக்கியம் சொன்னார்கள். நிர்வாகியும் நல்ல மனிதர்தாம். பிறகு அவரிடம் பேசியபோது, "எல்லாருக்கும் முன்னாடி அவங்களுக்குத்தானே சார் இடம் கொடுக்கிறோம்" என்றார், உண்மையான பெருமையுடன். சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்று நமக்குப் படுகிறது. முதலிடம் என்ற பெயரில் ஒரு கலையைக் கேட்காமல் இருக்கும் வழியைக் கண்டுபிடித்திருக்கிறோம்.

முதலில் ஒலிப்பது என்பதற்குத் தமிழில் வேறொரு பொருள் இருந்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். மாதவியின் அரங்கேற்றத்தில் கருவிகள் ஒலிக்கும் முறையை இளங்கோ வரிசையாகச் சொல்கிறார். முதலில் குழல். குழலின் வழியே யாழ் நிற்கிறது. யாழின் வழியே தண்ணுமை. தண்ணுமையின் பின்னே முழவு. முழவோடு கூடி ஆமந்திரிகை. காற்றுக் கருவி அங்கே முதலில் வருவது, மற்றவை அனைத்தும் அதைப் பின்பற்றி நிற்பதற்காக. அது சுருதியையும் போக்கையும் அமைத்துக் கொடுக்கிறது. அது அமைத்ததன்மேல் அரங்கம் எழுகிறது. இன்றைய தொடக்க நாளில் நாகஸ்வரத்தின் வழியே என்ன நிற்கிறது? நன்றியுரை முடிந்து திரை மீண்டும் விலகும்போது பாடகர் வேறு சுருதியில், வேறு உலகில் தொடங்குகிறார். நான்கரை மணிக்கு ஒலித்ததன் சுவடு கூட அங்கே இராது.

பகுதியை நடத்தி முடித்த ஒரு நாள், நாகஸ்வரத்தை நேரில் கேட்டிருக்கிறீர்களா என்று மாணவர்களிடம் கேட்டோம். கேட்காதவர் எவருமில்லை. எங்கே என்றால் எல்லோருக்கும் ஒரே பதில், கல்யாண மண்டபம். முழுதாக ஒரு ராகத்தை உட்கார்ந்து கேட்டவர் உண்டா என்றதும் வகுப்பு அமைதியாயிற்று. "பக்கத்துல உட்கார்ந்தா காது வலிக்கும் ஐயா" என்றாள் ஒரு மாணவி. அவள் சொன்னதில் தவறில்லை. திறந்த வெளிக்காக, தேரோடும் வீதிக்காக உருவான கருவியைத் தகரக் கூரைக்குக் கீழே நிறுத்தி, மைக்கையும் வைத்தால் காது வலிக்கத்தான் வலிக்கும்.

கருவியைப் பற்றி இங்கே சற்றுச் சொல்ல வேண்டும். (நாகஸ்வரமா, நாதஸ்வரமா என்ற வழக்கை இப்போதைக்கு ஒத்தி வைப்போம். நாம் முன்னதையே எழுதுகிறோம்; பின்னதை விரும்புகிறவர்கள் அப்படியே வாசித்துக்கொள்ளலாம்.) கும்பகோணத்துக்கு அருகில் நரசிங்கம்பேட்டையில் இதைச் செய்கிறார்கள். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், ஆண்டுக்கணக்கில் உலர்ந்து இறுகிய ஆச்சா மரத்தைத் தேடி வாங்கிக் கடைகிறார்கள். அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. விரல்கள் ஆள்வது ஏழு துளைகளை. ஆனால் ஸ்வரங்களின் நுட்பமெல்லாம் விரலில் மட்டும் இல்லை. சீவாளியை உதடு எவ்வளவு அழுத்துகிறது, மூச்சு எவ்வளவு போகிறது என்பதில் இருக்கிறது. நாணலில் செய்த அந்தச் சிறு சீவாளி பதமாவதற்கே நேரம் வேண்டும். கருவி சூடேறி, சீவாளி பதப்பட்டு, வாசிப்பவரின் மூச்சு நிலைகொள்ளும்போது, நிர்வாகியின் விரல் சுழல்கிறது.

இதற்கொரு மறுப்பு உண்டு. அதை நாமே சொல்லிவிடுகிறோம். நாகஸ்வரம் அடிப்படையில் சடங்கின் இசைதானே, கோயிலில் மட்டும் யார் டிக்கெட் வாங்கி வரிசையில் உட்கார்ந்து கேட்டார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பி. எம். சுந்தரம் இக்கலைஞர்களின் வரலாறுகளைத் தொகுத்த நூலுக்கே 'மங்கல இசை மன்னர்கள்' என்றுதான் பெயர். மங்கலம் என்ற சொல்லில் நமக்குப் பகையில்லை. ஆனால் கோயிலில் சடங்கு இசைக்கு நேரம் கொடுத்தது. சுவாமி நான்கு வீதியும் சுற்றி வர இரவெல்லாம் ஆகும்; ஒரு மூலையில் தேர் நின்றால் ஒரே தோடி மணிக்கணக்கில் விரியும். கேட்பவர்கள் நின்றார்கள், கூடவே நடந்தார்கள், திண்ணையில் சாய்ந்தார்கள், யாரும் கையைச் சுழற்றவில்லை. சபை எடுத்துக்கொண்டது அந்த மங்கலத்தை மட்டும். நேரத்தைக் கோயிலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டது.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை இந்த விஷயத்தை நம் எல்லோருக்கும் முன்பே புரிந்துகொண்டவர் என்று தோன்றுகிறது. நாகஸ்வரக்காரர்கள் நின்றுகொண்டு வாசிக்க வேண்டும் என்றிருந்த காலத்தில் மேடையில் உட்கார்ந்து வாசித்தார். உயர்ந்த சுருதியுடைய குட்டையான திமிரியை விட்டு, நீண்ட, தாழ்ந்த சுருதியுடைய பாரி நாகஸ்வரத்துக்கு வந்தார். அதைச் சுருதி மாற்றம் என்று மட்டும் பார்க்கக் கூடாது என்பது நமது கட்சி. ஊரைக் கூட்டும் குரலை விட்டு, உட்கார்ந்திருப்பவனிடம் பேசும் குரலுக்கு அவர் வந்தார். அவருடைய தோடி இசைத்தட்டுகளைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். 1947 ஆகஸ்டு 14 அன்று ஆதீனத்தின் குழுவோடு டில்லி சென்று வாசித்தவரும் அவரே. அந்த இரவின் பேச்சு இன்றும் பள்ளிப் புத்தகங்களில் இருக்கிறது. அண்மையில் செங்கோலும் பேசப்பட்டது. அன்று அவர் வாசித்த ராகம் எது என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்? நாட்டின் தொடக்க விழாவிலும் மங்கல இசை மங்கல இசைதான் போலும். அவர் 1956 டிசம்பரில் மறைந்தார். 'சங்கீத கலாநிதி' அவருக்கு வழங்கப்படவில்லை.

சிறப்புத் தவில் என்ற விருந்தாளியைப் பற்றியும் நமக்கு ஒரு கருத்து உண்டு. அது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். வெளியூர் வித்வானை ஊர் மேளத்தோடு சேர்த்து வாசிக்க வைப்பது அருமையான ஏற்பாடு. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933–1975) கடல் கடந்து வந்து இங்குள்ள முன்னணி நாகஸ்வரங்களுக்கு வாசித்ததை இன்றும் சொல்லிச் சொல்லி மாளாதவர்கள் தஞ்சைப் பக்கத்தில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் மேளக் கச்சேரி என்றே தனியாக நடக்கும். சனம் மணலில் உட்கார்ந்து கேட்கும். விருந்தாளி வந்தால் உள்ளூர்க்காரருக்கும் வீறு பிறக்கும். ஆனால் விருந்தாளிக்கு நேரம் இருந்தால்தான் இது நடக்கும். நேரம் சுருங்கும்போது இரண்டில் ஒன்று நேர்கிறது. தவில் தன் பங்கை முதலிலேயே எடுத்துக்கொண்டு நாகஸ்வரத்தை மூழ்கடிக்கிறது. கைதட்டலும் அதற்கே கிடைக்கிறது. அல்லது, நாம் பார்த்தது போல, விருந்தாளி இன்னொரு விருந்தாளிக்குக் கெட்டிமேளம் கொட்டிவிட்டு ஊர் திரும்புகிறார். தவிலைச் சிறப்பு என்று அச்சிடுவதற்கு முன் அந்தச் சிறப்புக்கு எத்தனை நிமிடம் என்பதைச் சபைகள் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

கூட்டம் வராது என்பார்கள். கொஞ்சும் சலங்கை (1962) வந்தபோது காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தைக் கேட்க வந்தது யார்? தில்லானா மோகனாம்பாள் (1968) படத்தில் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்புக்குத் திரையரங்கில் மெய்மறந்தவர்கள் எல்லாம் சங்கீத ஞானிகளா? இக்கருவியை மையத்தில் வைத்துக் கேட்கச் சொன்னபோது ஜனங்கள் கேட்டிருக்கிறார்கள். மேலும் தொடக்க நாளில் பல சபைகளில் அனுமதி இலவசம்தான். நஷ்டக் கணக்குப் பேச அங்கே இடமே இல்லை.

நமது யோசனை மிக எளியது, செலவும் இல்லாதது. தொடக்க நாள் நிரலைத் தலைகீழாக்குங்கள். நான்கரை மணிக்குப் பத்து நிமிடம் மல்லாரி. மங்கலத்துக்கு அது போதும், மரபும் அதுவே. அதன்பின் தலைமை, முன்னிலை, சிறப்புரை, வாழ்த்துரை எல்லாவற்றையும் அந்த முப்பது பேர் முன்னிலையில் முடித்துவிடுங்கள். ஆறரை மணிக்கு விளக்கைத் தணித்து, மைக்குகளை எடுத்துவிட்டு, ஒன்பதரை வரை நாகஸ்வரம். சிறப்பு விருந்தினர் விருப்பமிருந்தால் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். வாழ்த்துரைக்கு நான்கரை மணியா என்று யாராவது முகம் சுளித்தால், அந்த நேரம் எப்படிப்பட்டது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது என்று பொருள்.

அன்று மாலை சிறப்புரை தொடங்கியதும் நாம் எழுந்து வெளியே வந்துவிட்டோம். சபையின் பின்புற வாசலில், சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில், மேளக் குழுவினர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தவில்கள் உறைக்குள் போய்விட்டிருந்தன. மூத்தவர் சீவாளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துச் சிறு டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தார். அறிமுகம் செய்துகொண்டு, அந்தக் கரகரப்ரியா தார ஷட்ஜத்துக்கு மேல் எங்கே போயிருக்கும் என்று கேட்டோம். நிமிர்ந்து பார்த்தார். சிறப்புத் தவில்காரரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு, வாயாலேயே மெதுவாகப் பாடிக் காட்டத் தொடங்கினார். தவில்காரர் டீக் குவளையைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் தாளம் போட்டார். இரண்டு நிமிடம் இருக்கலாம். உள்ளே யாருக்கோ கைதட்டினார்கள்.

"மிச்சத்தை எங்கே வாசிப்பீர்கள் ஐயா?" என்றோம்.

"நாளைக்கு மாயவரத்துல ஒரு கல்யாணம் இருக்குங்க. மாப்பிள்ளை அழைப்பு நேரத்துக்கு வரலைன்னா, அங்கே வாசிக்கலாம்."