பழைய பள்ளிகளை இடிப்பது கடைசி வழியாக இருக்கட்டும்

ஒரு பள்ளிக்கூடத்துக்கு நூறு வயதாகிவிட்டது என்பது அதை இடிப்பதற்கான காரணம் ஆகாது. ஆனால், தமிழகத்தின் பல ஊர்களில் அதுவே காரணமாகிக்கொண்டிருக்கிறது. ஓடுகள் உடைந்து, சுவரில் ஓதம் ஏறி, ‘பழுதடைந்த கட்டடம்’ என்று வாசலில் எழுதிவிட்டால் அடுத்து வந்து நிற்பது பொக்லைன் இயந்திரம்தான். கட்டடத்தோடு அதை ஒட்டி நின்ற வேம்பும் புங்கமும், பிள்ளைகள் வளர்த்த தோட்டமும் சேர்ந்தே போகின்றன. இந்தப் போக்கை அரசு உடனே மாற்றிக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பு குறித்த அச்சத்தை யாரும் அலட்சியப்படுத்த முடியாது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். ஆபத்தான பள்ளிக் கட்டடங்களைக் கண்டறிந்து அகற்றும் பணியை அதன் பிறகு அரசு முடுக்கிவிட்டது. அது செய்தே ஆகவேண்டிய பணி. ஆனால், அந்தச் சுவர் முறையான அடித்தளம் இல்லாமல் எழுப்பப்பட்டது என்பதே அன்று எழுந்த முதன்மையான குற்றச்சாட்டு. பிள்ளைகளின் உயிரைப் பறிப்பது கட்டுமானத்தில் நடக்கும் மோசடியும் பராமரிப்பில் காட்டும் அலட்சியமும். பழமையின் மீது பழியைப் போட்டுவிட்டால் இவை இரண்டும் தப்பித்துக்கொள்ளும்.

பழைய கட்டடம் எப்படிப் பாழாகிறது என்பதைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் தெரியும். கைப்பிடிச் சுவரில் ஓர் அரசங்கன்று முளைக்கிறது, பிடுங்க ஆளில்லை. மழைநீர் வடியும் குழாயைச் சருகு அடைக்கிறது; மொட்டைமாடியில் தண்ணீர் தேங்குகிறது. அது மெல்ல இறங்கி, தேக்கு உத்தரம் சுவருக்குள் நுழையும் முனையை உளுக்கச் செய்கிறது. பிறகு, பழுதுபார்க்கிறோம் என்று சுண்ணாம்புக் காரைச் சுவரின் மேல் சிமென்ட் பூசுகிறார்கள். மூச்சுவிட்டுக்கொண்டிருந்த சுவருக்குள் ஈரம் சிறைப்பட்டு, செங்கல் பொரிந்து உதிர்கிறது. இவற்றில் எதுவும் நூறாண்டு மூப்பால் வந்ததல்ல. ஆண்டுக்கு ஒருமுறை ஏணி வைத்து ஏறியிருந்தாலே பெரும்பாலானவற்றைத் தவிர்த்திருக்கலாம்.

மீட்பது முடியாத காரியமும் அல்ல. 2012 தீ விபத்தில் சிதைந்த சேப்பாக்கம் கலச மகாலை நமது பொதுப்பணித் துறையே மீட்டெடுத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கேதான் இயங்குகிறது. தீயில் கருகிய அரண்மனையை மீட்கத் தெரிந்த துறைக்கு, ஓடு சரிந்த பள்ளியை மீட்கத் தெரியாதா?

சென்னை ராணி மேரி கல்லூரி நமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. 1914-இல் தொடங்கப்பட்ட, நகரின் முதல் மகளிர் கல்லூரி அது. 2003-இல் அந்தக் கடற்கரை வளாகத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்ட அன்றைய அரசு முனைந்தபோது, மாணவிகள் வளாகத்தை விட்டு வெளியேற மறுத்துப் போராடினார்கள். திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் எழுந்த புதிய தலைமைச் செயலகமும் சில ஆண்டுகளிலேயே மருத்துவமனையாகிவிட்டது. அன்று அவ்வளவு அவசரம் என்று சொல்லப்பட்ட தேவை உருமாறிப்போனது. கல்லூரியில் இன்றும் வகுப்பு நடக்கிறது. இது முதல் பாடம். அந்தக் கல்லூரி பிறந்த கேப்பர் இல்லம் இன்று இல்லை. பழுதடைந்து, இடிக்கப்பட்டு, அங்கே புதுக் கட்டடம் எழுந்துவிட்டது. போராட்டத்தால் காத்ததைப் பராமரிப்பு இல்லாமல் இழக்க நேரிடும் என்பது இரண்டாவது பாடம்.

தோட்டத்தின் கதை இன்னும் வேதனையானது. அதைக் காக்க எந்த மரபுப் பட்டியலும் இல்லை. சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் கைகழுவும் தண்ணீர் வாய்க்காலாக ஓடி வாழைக்கும் கீரைப் பாத்திக்கும் பாயும். வேலியோரம் முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி. அங்கே பறித்த கீரை அன்றைய சாம்பாரில் சேரும். விதை முளைப்பதைப் பாடப் புத்தகத்தில் படித்த பிள்ளை அதைக் கண்ணால் காண்பதும் அங்கேதான். நெருக்கமான நகரத்துத் தெருக்களில், மழைநீர் மண்ணில் இறங்க மிஞ்சியிருக்கும் திறந்த நிலம் பல நேரங்களில் பள்ளி வளாகம் மட்டுமே. கட்டட வரைபடத்தில் அதைக் ‘காலி இடம்’ என்று குறிப்பது பெரும் பிழை.

புதிய வகுப்பறைகள் தேவைதான். பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாயில் 18,000 வகுப்பறைகள் கட்ட 2022-23 நிதிநிலை அறிக்கை வகை செய்தது. வரவேற்கிறோம். ஆனால், புதிது கட்டப் பணம் ஒதுக்கும் அக்கறை பழையதைச் செப்பனிடுவதிலும் வேண்டும். இடித்துக் கட்ட எளிதில் நிதி வந்து, பழுதுபார்க்க மட்டும் வராது என்றால், தலைமையாசிரியரும் பொறியாளரும் இடிப்பதற்குத்தான் எழுதிக் கொடுப்பார்கள்.

எனவே அரசு நான்கு முடிவுகளை எடுக்க வேண்டும். முதலாவது, எழுபத்தைந்து ஆண்டுகளைக் கடந்த பள்ளிக் கட்டடம் எதையும், சுண்ணாம்புக் கட்டுமானம் அறிந்த மரபுக் கட்டடப் பொறியாளரின் ஆய்வு இல்லாமல் இடிக்கக் கூடாது. அதுவரை ஆபத்தான பகுதியைப் பூட்டி வைத்துப் பிள்ளைகளை வேறிடத்தில் அமர்த்தட்டும். இரண்டாவது, அந்த ஆய்வறிக்கையைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வைத்து, பெற்றோரும் முன்னாள் மாணவர்களும் கருத்துச் சொல்ல அவகாசம் தர வேண்டும். மூன்றாவது, பள்ளிக் கட்டுமான நிதியில் ஒரு பங்கைச் சீரமைப்புக்கென்றே ஒதுக்க வேண்டும். நான்காவது, புதிய கட்டடம் எழும் ஒவ்வொரு வளாகத்திலும் மரங்களையும் தோட்டத்தையும் வரைபடத்தில் முதலில் குறித்துவிட்டு, மீதி இடத்தில் கட்டடத்தைத் திட்டமிட வேண்டும்.

சட்டமும் கைவசம் இருக்கிறது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது 2012-இல். ஆண்டுக்கணக்கில் அது நடைமுறைக்கு வராமல் கிடந்த காலத்தில் நாம் இழந்தவை ஏராளம். அந்த ஆணையம் மாவட்டந்தோறும் பழைய அரசுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கும் பணியில் இறங்க வேண்டும். கோயிலையும் கோட்டையையும் மட்டுமே மரபு என்று எண்ணும் பார்வை மாற இதுவே நல்ல தொடக்கம். உழைக்கும் குடும்பங்களின் முதல் தலைமுறை எழுத்தறிந்தது இந்த ஓட்டுக் கூரைகளின் கீழேதான். அந்தக் குடும்பங்களுக்கு எஞ்சியிருக்கும் பொதுச்சொத்தை அவர்களைக் கேட்காமல் இடிக்கும் உரிமை எந்த அதிகாரிக்கும் கிடையாது.