ஆடாதோடை குடித்தால் மட்டும் போதுமா?



ஆடி மாதம் பிறந்தாலே எங்கள் வீட்டில் ஆடாதோடைக் கசாயம்தான். கரிசல் புழுதி காற்றோடு கிளம்பி வந்து சோற்றுத் தட்டில்கூட விழும். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் அம்மாவுக்கு வருஷம் பூராவும் இருமல். இதே பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கும் தம்பிக்கு வீசிங். "ஏலே, மூக்கைப் பிடிச்சிக்கிட்டுக் குடிச்சிரு, சளி அத்துப் போகும்" என்பார் ஆச்சி. கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. ஆடு தொடாத இலை என்பதால்தான் அந்தப் பெயராம். நம்ம ஊர் ஆடு போஸ்டரையே தின்னும். அதுவே தொடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஆச்சியை நான் கேலி செய்யவில்லை. அந்த இலையில் வாசிசின் என்ற பொருள் இருக்கிறது. அதை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் மருந்தைச் செய்தார்கள். அதிலிருந்து வந்தது அம்புராக்சால். கெட்டிச் சளியை இளக்குவது இவற்றின் வேலை. வீட்டில் இருமல் டானிக் பாட்டில் இருந்தால் திருப்பிப் பாருங்கள், இந்தப் பெயர்கள் இருக்கலாம்.

2014-ல் சீனாவில் செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. காற்று மாசு அதிகமுள்ள கிடோங் என்ற பகுதியில் 291 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினருக்குப் புரோக்கோலி முளையில் செய்த பானத்தை 12 வாரம் கொடுத்தார்கள். அதைக் குடித்தவர்களுக்கு பென்சீன் என்ற நச்சு 61 சதவீதம் கூடுதலாகச் சிறுநீரில் வெளியேறியது. அதிலுள்ள சல்ஃபோராபேன், நச்சை முறிக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. புரோக்கோலிக்கு நாம எங்கே போக? ஆனால் முருங்கைக்கீரையிலும் அதே இனத்துப் பொருள் உண்டு.

இதைப் படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். பிறகுதான் யோசித்தேன். அவர்கள் அளந்தது சிறுநீரில் போன நச்சை. புகையிலுள்ள நுண்துகள் தலைமுடித் தடிமனில் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போய்விடும். கீரையோ கசாயமோ உள்ளே போய் அதைப் பெருக்கித் தள்ளாது.

சரி, புகை எங்கிருந்து வருகிறது? நம் பள்ளியில் சாயங்காலம் கடைசிப் பீரியடில் வேப்பஞ்சருகு, மிட்டாய்த்தாள், பாலித்தீன் பை எல்லாவற்றையும் கூட்டி மைதானத்துக்குப் பின்னால் கொளுத்துகிறோம். வேற யாரும் இல்லை, நாமதான். போன வாரம் குச்சியைக் கிழித்தது நான். தம்பி வகுப்பு ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அன்று ராத்திரி அவனுக்கு மூச்சு இழுத்தது. ஆச்சி கசாயம் காய்ச்சினார். இன்ஹேலர் வைத்த பிறகுதான் தூங்கினான். நான்தான் கொளுத்தினேன் என்று வீட்டில் சொல்லவில்லை. இங்கேதான் முதலில் எழுதுகிறேன்.

சருகைக் குழியில் போட்டு மண் மூடினால் மட்கி, தோட்டத்துக்கு உரமாகும். பாலித்தீனைத் தனியாகச் சாக்கில் கட்டி நகராட்சி வண்டியில் போடலாம். குழி தோண்டினால் பாம்பு வரும் என்கிறார்கள் சிலர். சருகுக் குவியலில் மட்டும் வராதா?

எங்கள் வகுப்பில் ஆறு பேர் மண்வெட்டி கொண்டுவரத் தயார். தலைமையாசிரியர் ஐயா இடத்தைக் காட்டினால் வருகிற சனிக்கிழமையே தோண்டிவிடுவோம்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி